பதினாறாம் படம்

ஏந்தல்மேடு,
கச்சிராயபாளையம் அஞ்சல்
4-10-1987

தம்பி அன்புவுக்கு அக்கா அமிர்தம் எழுதுவது.

தபால் இப்போதுதான் மறுபடி வருகிறது. சாலையில் வெட்டிப் போட்ட புளியமரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே பத்து நாள் ஆகிவிட்டது.

நீ மலையில், கரியாலூர் பக்கம் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாய் என்றே நினைத்திருந்தேன். காலனி எரிந்த அன்றைக்கு நீ நம் ஊருக்கு வந்ததை மறுநாள்தான் உன் மாமா சொன்னார். "அன்பு வந்திருந்தான். காலனிகிட்ட பாத்தேன்" என்றார். அக்கா வீட்டுக்கு அரை மைல் தூரத்தில் நின்றவன் எட்டிக்கூடப் பார்க்காமல் போயிருக்கிறாய்.

நான் கேள்விப்பட்டதை எழுதுகிறேன். இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். நம் தெரு ஆம்பளைகள் எல்லாரும் போனார்கள், மாமாவும் போனார். நாலாம் நாள் பிச்சைமுத்துவின் பெண்டாட்டிக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. நம் கரும்புக் கொல்லையில் பத்து வருஷமாக வேலை செய்கிறானே, அந்தப் பிச்சைமுத்துதான். காலனி ஆட்கள் சேர்ந்து, சாலையில் கிடந்த மரத்தைப் புரட்டி வழி பண்ணி, அவளை மாட்டுவண்டியில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். பிச்சைமுத்துவும் வண்டியோடு போய்விட்டான். மறியலை உடைத்தார்கள் என்று பிற்பகல் ஒரு கும்பல் காலனிக்குப் போனது. ஒன்பது குடிசை எரிந்தது. ஜனங்கள் கொல்லைகளுக்குள் ஓடித் தப்பினார்கள். பிச்சைமுத்துவின் அம்மா ஆயம்மாளுக்குத்தான் கால் ஊனமாயிற்றே. அவள் தீயிலேயே போய்விட்டாள்.

மாமாவின் வலது கை முழங்கை வரை வெந்திருக்கிறது. கேட்டால், "வெல்லம் காச்சற அடுப்புல பட்டுட்ச்சி" என்கிறார். இந்த மாதத்தில் நாம் எங்கே வெல்லம் காய்ச்சினோம்? நான் மறுபடி கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்று பயமாக இருக்கிறது.

படம் எடுத்திருந்தால் பத்திரிகைக்குக் கொடுத்துவிடாதே. இதுதான் நான் கேட்பது.

அக்கா

*

திருவல்லிக்கேணி, சென்னை
11-10-1987

அக்கா,

உன் கடிதம் ஒரு வாரம் முன்னால் வந்திருந்தாலும் நான் இதையேதான் செய்திருப்பேன். படத்தைக் கொடுத்துவிட்டேன். வருகிற இதழில் வருகிறது.

வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். அதைப் பார்த்துவிட்டு வந்து உன் வீட்டில் எப்படி உட்காருவேன்? பஸ் எதுவும் இல்லை. கரும்புக் கொல்லைகள் வழியாகவே சின்னசேலம் ஸ்டேஷன் வரை நடந்தேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. கல்யாண வீடுகளில் படம் எடுத்துக்கொண்டிருந்தவனைப் பத்திரிகைக்காரன் என்று மட்டும் ஊரில் சொல்லி வைத்திருக்கிறாய். இரண்டு மாதமாக மலையில் இருந்தேன். காண்டிராக்டர்கள் சரிவு சரிவாக மொட்டையடிக்கிறார்கள். போன வருஷம் ஓடிய ஓடைகள் இந்த வருஷம் இல்லை. மலை ஜனங்கள் தங்கள் காட்டையே கூலிக்குத் தோளில் சுமந்து லாரிக்கு இறக்குகிறார்கள். நடுவில் ஒரு தடவை சென்னைக்கு எழுபது படம் கொண்டுவந்தேன். ஆசிரியர் ஒன்றுகூடப் போடவில்லை. "வெட்டுன மரத்த எவம்பா பாப்பான்? மூஞ்சி வேணும், மூஞ்சி கொண்டா" என்றார்.

அக்கா, இந்தப் படத்தில் மாமா இருக்கிறார். எரிகிற குடிசைக்கு முன்னால் நிற்கிறார். பெயர் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அடுத்தவன் வீடு எரிந்தால் படம் எடுத்துப் போடுவேன், என் மாமா அதில் நின்றால் மறைப்பேன் என்றால், நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவன்.

ஆயம்மாள் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது.

அன்பு

*

ஏந்தல்மேடு
2-11-1987

அன்புச்செல்வனுக்கு,

போலீஸ்காரர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார்கள். ஒருவர் படத்தைத் தூக்கிப் பிடித்தார், இன்னொருவர் மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மேலே தூக்கச் சொன்னார்கள். வெந்த கையைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. செருப்பு போட்டுக்கொள்ளட்டும் என்று நான் கேட்டேன். அதற்கு மட்டும் நேரம் கொடுத்தார்கள்.

பெயர் போடவில்லை என்று எழுதினாய். 'எரித்தவன் முகம்' என்று கீழே போட்டிருக்கிறார்களே, அதைப் பார்த்தாயா? கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணை வரைக்கும் அந்த முகத்துக்குப் பெயர் தெரியாதவன் எவன்?

அந்த முகத்தை நானும் பார்த்தேன். வாய் பாதி திறந்து, கண் பிதுங்கி, துண்டு தோளில் சரிந்து, பின்னால் கொழுந்துவிட்டு எரிகிறது. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் நான். எனக்கே யாரோ கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அவர் செய்திருப்பாரோ என்று என்னையே நினைக்க வைத்துவிட்டாய்.

அப்பா செத்தபோது உனக்கு ஒன்பது வயது. உன்னை வளர்த்ததையோ, கள்ளக்குறிச்சி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்த்துவிட்டதையோ நான் சொல்லிக் காட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் தீக்கு முன்னால் நின்றார் என்கிறாய். நீ எங்கே நின்றாய்? அந்தக் குடிசைக்கும் உனக்கும் எத்தனை அடி?

இனி எழுதாதே.

அமிர்தம்

*

டெல்லி
20-2-1988

அக்கா,

இரண்டு கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்துவிட்டன. இதுவும் வரும் என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

அந்தப் படத்துக்கு இங்கே ஒரு பரிசு கொடுத்தார்கள். ஒரு கூடத்தில் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். திறப்பு விழாவன்று அதற்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். மாமா அளவுக்கே மாமா. நான் திரும்பும்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு அம்மாள் வெகுநேரம் படத்தின் முன்னால் நின்றுவிட்டு என்னிடம் வந்தார். "அந்தக் குடிசைக்குள் யாராவது இருந்தார்களா?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். சொல்லி வாயை மூடுவதற்குள் தொண்டையில் புகை ஏறி, இருமல் நிற்கவே இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள். அந்தக் கூடத்தில் ஏது புகை?

அதிலிருந்து இப்படித்தான். டார்க் ரூமில் வேறு ஏதாவது படத்தைக் கழுவும்போது, தட்டில் முதலில் கறுப்பாக எழும்புகிற இடமெல்லாம் எனக்கு ஒரு வாசல் மாதிரியே தெரிகிறது. அந்த இடத்தில் கடைசியில் ஒரு மரமோ சுவரோ வந்துவிட்டால்தான் மூச்சு வருகிறது.

எத்தனை அடி என்று கேட்டாய். முப்பது.

அன்பு

*

ஏந்தல்மேடு
15-6-1988

அன்புவுக்கு,

உன் கடைசிக் கடிதத்தைத் திருப்பி அனுப்பவில்லை. நாலு மாதம் பிரிக்காமல் வைத்திருந்தேன். நேற்றுப் பிரித்தேன். காரணம் சொல்கிறேன்.

மாமா ஜாமீனில் வந்திருக்கிறார். சரியாகத் தூங்குவதில்லை. கை காய்ந்துவிட்டது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. அவரை யாரும் பார்க்க வருவதில்லை. கூடப் போன மற்றவர்கள் தைரியமாக நடமாடுகிறார்கள். படத்தில் அவர்களுடைய முதுகு மட்டும்தானே இருக்கிறது.

நேற்று பிச்சைமுத்து வந்தான். அந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் வருகிறான். வாசலுக்கு வெளியேதான் நின்றான். உள்ளே வா என்று நானும் கூப்பிடவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மடித்து வைத்திருந்த அந்தப் பத்திரிகைப் பக்கத்தை எடுத்துக் காட்டினான்.

"இது எங்க வூடும்மா. எங்கம்மா எங்கனா தெரியறாங்களான்னு பாத்துகினே கீறேன். அவங்கள யாரும் ஒரு போட்டோ புடிச்சதில்ல. இவரு குறுக்க நிக்கறாரு, வாசப்படி தெரியல. தம்பிகிட்ட வேற படம் இருந்தா கேட்டுச் சொல்றீங்களா?" என்றான்.

மாமா உள்ளே படுத்திருந்தவர் எழுந்து வெளியே வந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மாமா தரையைப் பார்த்துக்கொண்டே, "இருந்தாங்கடா. வாசப்படிலதான் இருந்தாங்க. யாரோ என்ன கூப்ட்டாங்க, திரும்பிட்டேன்" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

அவன் போன பிறகு, "யாரு கூப்ட்டாங்க?" என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உன்னைக் கேட்கிறேன் தம்பி. யார் கூப்பிட்டது?

அக்கா

*

சென்னை
27-6-1988

அக்கா,

நான்தான் கூப்பிட்டேன்.

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. முழுதும் சொல்கிறேன், படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி.

மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்தேன். காலனிப் பக்கம் புகை தெரிந்ததும் ஓடினேன். மாமா கும்பலோடுதான் வந்திருந்தார், அது உண்மை. ஆனால் கூரைகள் பிடித்துக்கொண்டதும் பாதிப் பேர் கத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். மாமா மட்டும் தொட்டியருகே கிடந்த சாக்கைத் தண்ணீரில் முக்கித் தலைமேல் போட்டுக்கொண்டு பிச்சைமுத்துவின் குடிசையை நோக்கி ஓடினார். அப்போது ஒரு படம் எடுத்தேன். அந்தச் சுருளில் அது பதினாறாம் படம். அதில் அவர் முதுகுதான் விழுந்தது.

எனக்கு முகம் வேண்டும். ஆசிரியர் சொன்னது தலைக்குள் இருந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் அந்த நேரத்தில் ஆசிரியர் ஞாபகம் எனக்கு இல்லவே இல்லை. பின்னால் நல்ல வெளிச்சம், நடுவில் ஒரு ஆள், அவன் திரும்பினால் போதும். அவ்வளவுதான் நினைத்தேன். "மாமா!" என்று கத்தினேன். அவர் திரும்பினார். நான் ஆபத்தில் மாட்டிக்கொண்டேன் என்று பயந்து திரும்பினார் அக்கா. அந்த வாயும் கண்ணும் அதனால்தான் அப்படி இருக்கின்றன. நீ துண்டு என்று நினைத்த அந்தச் சாக்கு தோளில் சரிந்தது. அது பதினேழாம் படம். நீங்கள் எல்லாரும் பார்த்தது அதுதான்.

என்னைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். மறுபடி வாசலுக்குத் திரும்பிக் கையை உள்ளே நீட்டினார். கூரை இறங்கிவிட்டது.

சென்னைக்கு வந்து நெகட்டிவைக் கழுவிய முதல் நாளே பதினாறாம் படத்தில் ஆயம்மாளைப் பார்த்தேன். வாசலின் இருட்டில், தரையில் கையூன்றி உட்கார்ந்தபடி, ஓடி வருகிற மாமாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தெளிவான முகம். உள்ளே இருந்தது தெரியாது என்று உனக்கு எழுதினேனே, அது பொய். எழுதும்போது தெரியும். பதினாறைக் காட்டினால் பதினேழுக்கு அர்த்தம் மாறிவிடும். அதனால் நெகட்டிவை வெட்டித் தனியாக ஒளித்து வைத்தேன். பரிசு வாங்கியபோதும் அது என் பெட்டியில்தான் இருந்தது.

இரண்டு பிரதி போட்டு அனுப்புகிறேன். ஒன்று பிச்சைமுத்துவுக்கு. கோர்ட்டுக்கு நானே நெகட்டிவோடு வந்து சொல்கிறேன்.

அன்பு

*

ஏந்தல்மேடு
18-7-1988

அன்புவுக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன்.

முடித்ததும் படத்தைக் கையில் கொடுத்தேன். அந்த மடங்காத விரல்களால் பிடிக்க முடியாமல் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இத்த கோர்ட்ல காட்ட வேணாம்னு சொல்லு" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீ செய்யலன்னு இதுல தெரியுது இல்ல? ஒம்போது மாசமா நான் ஒன்ன சந்தேகப்பட்டுகினு கீறேன். வாயத் தொறந்து ஏன் சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

"இன்னா சொல்றது? நல்லவன்னு சொல்றதா? அவுனுங்க மண்ணெண்ண டின்ன தூக்கிகினு நடக்க சொல்லோ நானும் பக்கத்துல நடந்தேன். வேணாம்டான்னு ஒரு வார்த்த சொல்லல. கூரைய எரிச்சிட்டு வந்துடுவானுங்க, ஆளுங்கதான் ஓடிடுவாங்களேன்னு நெனச்சேன். அந்தம்மா பத்து வருஷம் என் கொல்லைல குனிஞ்சவங்க. அவங்களால ஓட முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். வூடு பத்திக்கினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சி" என்றார்.

அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. இதைச் சொல்லிவிட்டு, தீ வைத்த இரண்டு பேர் பெயரையும் கோர்ட்டில் சொல்லப் போவதாகச் சொன்னார். வக்கீல், அப்ரூவராக மாறினால் விட்டுவிடுவார்கள் என்றாராம். மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

தெருவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. நம் கிணற்று மோட்டார் ஒயரை அறுத்துவிட்டார்கள். எங்கள் கொல்லையில் கரும்பு வெட்ட யாரையும் வரவிடவில்லை. கரும்பு முற்றிக் காய்ந்து கிடக்கிறது.

மாமா வேண்டாம் என்கிறார். நான் சொல்கிறேன், நீ கோர்ட்டுக்கு வா. வந்து சொல். அவரைக் காப்பாற்றுவதற்காக வேண்டாம். நீ சொல்லாமல் இருந்தால் உன்னை என் தம்பி என்று நான் இனி நினைக்க மாட்டேன், அதற்காக வா.

அக்கா

*

கரியாலூர்
9-3-1989

அக்கா,

கோர்ட்டில் நீ பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். நான் கூண்டில் ஏறியதும் தலையைக் குனிந்துகொண்டாய். அதனால் நான் சொன்னது உனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

மாமா பெயர் சொன்ன இரண்டு பேருடைய வக்கீல், "நாடே பாராட்டுன படம் பொய்யின்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். படம் பொய் இல்லை, அதற்கு முந்தின படத்தை ஒளித்து வைத்த நான்தான் பொய் என்றேன். "நீங்க ஏன் அந்தம்மாவத் தூக்கப் போகல?" என்று அடுத்துக் கேட்டார். வழக்குக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை என்று நீதிபதி தடுத்தார். நான் பதில் சொல்லவே விரும்பினேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பது வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பத்திரிகையில் இனி வர வேண்டாம் என்றார்கள். எந்தப் பத்திரிகையும் என் படத்தை எளிதில் வாங்காது, அது நியாயம்தான். மறுபடி மலைக்கே வந்திருக்கிறேன். வெட்டின சரிவுகளைத் தேதி போட்டு, இடம் போட்டு, முன்னும் பின்னும் உள்ள படத்தை விடாமல் வரிசையாக எடுக்கிறேன். ஒரு சிறு பத்திரிகை பன்னிரண்டு படம் போட்டது. அதைப் பார்த்து அதிகாரிகள் வந்தார்கள். ஒரு மாதம் லாரிகள் நின்றன. இப்போது மறுபடி ஓடுகின்றன.

ஆட்கள் அருகில் வந்தால் மட்டும் என்னால் முடியவில்லை. நேற்று ஒருவர் விறகுக் கட்டோடு முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தார். கேமராவைத் தூக்கினேன். யாரும் கூப்பிடாமலே அவர் சட்டென்று திரும்பினார். நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். "இன்னா சாமி, ஒடம்பு சரியில்லயா?" என்று கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கோர்ட்டு வராந்தாவில் மாமா என்னைக் கடந்து போனார். நின்றார். ஏதோ சொல்வார், திட்டுவார் என்று காத்திருந்தேன். "மலைல இன்னும் மரம் வெட்றானுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்பு

*

ஏந்தல்மேடு
28-11-1989

தம்பி அன்புவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. தீ வைத்த இரண்டு பேருக்கும் ஏழு வருஷம். கும்பலோடு போனதற்காக மாமாவுக்கு ஒரு வருஷம். ஏற்கெனவே உள்ளே இருந்த மாதங்களைக் கழித்துவிடுவார்களாம், சித்திரைக்குள் வந்துவிடுவார் என்று வக்கீல் சொன்னார். போகும்போது இந்தத் தடவை அவரே செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கரும்பு அழித்துவிட்டேன். அந்த இடத்தில் மரவள்ளி போட்டிருக்கிறேன். என்னோடு பேசுகிறவர்கள் தெருவில் இரண்டு வீடுதான். பழகிவிட்டது.

இன்னொரு விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய இரண்டில் ஒரு பிரதி கோர்ட்டுக் கட்டோடு போய்விட்டது, மற்றதை அப்போதே பிச்சைமுத்துவிடம் கொடுத்தேன். நானே காலனிக்குப் போனேன், முதல் தடவையாக. புதுக் கூரை போட்டிருந்தார்கள். அவன் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அம்மாவின் முகத்தைக் கட்டைவிரலால் தடவினான். நான் வந்துவிட்டேன்.

நேற்று அவன் பெண்டாட்டி காசியம்மாள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு இங்கே வந்தாள். அன்றைக்கு வண்டியில் போனவள் அவள்தான். இடுப்பில் குழந்தை இருந்தது. பெண் குழந்தை, இரண்டு வயது முடிந்துவிட்டதாம். உள்ளே வா என்று கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தாள். படத்தை என் முன்னால் வைத்தாள்.

"இத்த நீங்களே வெச்சிக்கிங்க. எங்க வூட்ல வேணாம்" என்றாள்.

ஏன் என்றேன். குழந்தையின் முடியைக் கோதினாள்.

"இவரு தெனம் வேலைக்குப் போறதுக்கு முன்ன அதப் பாத்துகினு ஒக்காந்துட்றாருங்க. இந்தப் படத்துல எங்க அத்த இன்னும் எரியல. ஒங்க வூட்டுக்காரரு ஓடியாறாரு, வந்துட்டா வெளிய வந்துடலாம்னு பாத்துகினு கீறாங்க. தெனம் காலைல அவங்க அப்படி ஒக்காந்துகினு பாக்கறாங்க. தெனமும் அதுக்கப்புறம் எரியறாங்க. எங்களால முடியல" என்றாள்.

நான் வாங்கிக்கொண்டேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. கிழிக்கக் கை வரவில்லை, அந்த அம்மாளுக்கு இருப்பது அந்த ஒரு முகம்தான். மாட்டவும் முடியாது. பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தேன். துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். மாமா திரும்பி வரும்போது இது இந்த வீட்டில் இருக்கக்கூடாது.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. ஆயம்மாளுக்காக மன்னிக்க நான் யார்? ஆனால் நீ வந்தால் சோறு போடுவேன், இருந்துவிட்டுப் போகலாம்.

எடுத்தவன் நீ. வந்து எடுத்துக்கொண்டு போ.

அக்கா
அமிர்தம்